தெறி பதிந்த விசுக்கோத்து

என்னிடம் ஒரு பித்தளைத் தெறி இருக்கிறது. அரசாங்கக் கச்சேரிச் சேவகரின் கோட்டில் இருந்த பொத்தான். பெருவிரல் நகத்தளவு இருக்கும். நடுவில் ஒரு கிரீடம், சுற்றிவரக் கயிறு முறுக்கியதுபோல ஒரு விளிம்பு. கிரீடம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. விளிம்பு இன்னும் தெரியும். இந்தத் தெறியை ஒருவர் மூன்று வயதில் விழுங்கினார். இரண்டாம் நாள் அது வெளியே வந்தது. அவருடைய தாய் அதைக் கழுவி, மூன்று தரம் அவித்து, சாம்பல் போட்டு மினுக்கி எடுத்து வைத்தார். விழுங்கியவர் என் கணவர். எடுத்து வைத்தவர் என் மாமி. நான் எழுத வந்தது மாமியைப் பற்றி.

நான் சாவகச்சேரிப் பக்கம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கல்யாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை மலாயாவில் ரயில்வேக் கிளாக்கர் என்றார்கள். அவர் பங்குனியில் லீவில் வந்தார். சித்திரையில் தாலி கட்டினார். ஆனியில் கப்பல் ஏறினார். எல்லாமாக எழுபத்திரண்டு நாள். அடுத்த வருஷம் கூப்பிடுகிறேன், அதுவரை அம்மாவுக்குத் துணையாக இரு என்றார். ஓம் என்றேன். மாமி உடுவிலில் இருந்தார். மாமா செத்து ஆறு வருஷம். அவருக்கு வேறு பிள்ளை இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவருக்கும் வாய் குறைவு, எனக்கும் குறைவு. காலையில் "தண்ணி அள்ளியாச்சோ" என்பார். பின்னேரம் "விளக்கைக் கொழுத்து பிள்ளை" என்பார். சில நாட்களில் அவ்வளவுதான். கோபமில்லை. அப்படியே பழகிவிட்டோம்.

கார்த்திகை நடுவில், கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு மூன்று வாரம் இருக்க, மாமி ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, "சிரட்டையை எடுத்து அடுப்படியிலை காயப் போடு. நாளைக்கு விசுக்கோத்துச் சுடுறது," என்றார். எங்கள் சாவகச்சேரி வீட்டில் நத்தார்ப் பலகாரம் என்றால் பயற்றம் பணியாரம். விசுக்கோத்து கடையில் வாங்குகிற சாமான். வீட்டில் சுடலாம் என்றே எனக்குத் தெரியாது. மாமியின் தாய், மிஷன் வெள்ளைக்காரி மிசியம்மா ஒருவரின் குசினியில் சமையல் வேலை செய்தவர். அங்கே போறணை என்கிற செங்கல் அடுப்பு இருந்தது. தன் வீட்டுக்கு வந்து, போறணை இல்லாமல் சுட ஒரு வழி கண்டுபிடித்தாராம். பெரிய இரும்புத் தாச்சியில் மணல் பரப்பி அடுப்பில் ஏற்ற வேண்டும். மணல் சுட்டதும் விசுக்கோத்து அடுக்கிய தகரத் தட்டை அதில் வைத்து, மேலே இன்னொரு தகரத்தால் மூடி, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைக் கொட்ட வேண்டும். மேல் தணல் கூடினால் விசுக்கோத்தின் முகம் கருகும். கீழ் நெருப்புக் கூடினால் அடி கருகும். மாமி மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. சீனி மணம் அடங்கி நெய் மணம் எழும்போது "எடு" என்பார். எடுத்தால் சரியாக இருக்கும்.

அன்று நல்ல மழை. வாடைக்காற்று கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு போனது. குசினிக்குள் மட்டும் சூடு. நெய்யையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அகப்பையால் அடிக்க வேண்டும். அது என் வேலை. கை சோர்ந்து நிறுத்தினால் மாமி ஒன்றும் சொல்லமாட்டார், அகப்பையைப் பார்ப்பார். பிறகு முட்டை, அரித்த கோதுமை மா, ஏலக்காய்த் தூள். பலகையில் போட்டுப் போத்தலால் உருட்டி, தகரப்பேணியின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலிக்கு வந்து நின்றாள். அவர்கள் சைவம்.

"என்ன மாமி, உங்கடை வேதக்காரப் பலகாரம் ஆயிட்டுதோ? முட்டை மணக்குது."

"உனக்கு முட்டை இல்லாதது வேறையாக் கிடக்கு. மூக்கை அங்காலை எடு."

"எடுக்கிறன். தட்டை எப்ப கொண்டுவரட்டும்?"

"ஆறினாப் பிறகு. போன முறை தந்த தட்டே இன்னும் வரேல்லை."

அவள் சிரித்துக்கொண்டு போனாள். மாமி சிரிக்கவில்லை. ஆனால் முட்டையில்லாத மாவை அவளுக்கென்று தனிச்சட்டியில், தனி அகப்பையால் குழைத்திருந்தார். அந்தச் சட்டியில் என்னைக் கை வைக்கவும் விடவில்லை. அவள் நம்பித் தின்ன வேண்டும் என்றார்.

எல்லாம் சுட்டு முடிந்தபின் கடைசித் தட்டு ஒன்று இருந்தது. அதுதான் அந்த வீட்டுச் சங்கதி. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு விசுக்கோத்து. மற்றவற்றிலும் பெரிது. சுட முன் ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் அடையாளத்தைப் பதிக்க வேண்டும். நத்தார் அன்று காலை தேவாலயத்தால் வந்து அவரவர் அவரவருடையதைத் தின்ன வேண்டும். ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது. மாமியின் அடையாளம் அவருடைய பெருவிரல். மாவில் விரலை அமத்தி எடுப்பார், ரேகை விழும். மாமாவினுடையது மணிக்கூடு முறுக்கும் சாவி. அந்தச் சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. நான் அதை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"அது வேண்டாம். செத்தவைக்குச் சுடுறேல்லை," என்றார்.

பிறகு சீலைத் தலைப்பில் முடிந்திருந்த தெறியை எடுத்தார். அப்போதுதான் விழுங்கின கதையைச் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது நான் கேட்டது முதல்முறை. மாமா கச்சேரியில் சேவகம். கோட்டைக் கழற்றிக் கொடியில் போட, பிள்ளை தெறியைக் கடித்து விழுங்கிவிட்டது. ஊர் வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் மாமி சட்டியோடு பிள்ளைக்குப் பின்னால் திரிந்தாராம். "அந்த ரெண்டு நாளும் நான் சோறு தின்னேல்லை. அவன் பன்ரண்டு வாழைப்பழம் திண்டவன்," என்றார். தெறியை மாவில் அமத்தினார். கிரீடமும் கயிற்று விளிம்பும் அச்சாக விழுந்தன.

எனக்கு அடையாளம் இல்லை. மாமி அங்கும் இங்கும் பார்த்தார். கைக்கெட்டிய இடத்தில் கராம்புப் போத்தல் இருந்தது. ஒரு கராம்பை எடுத்து நடுவில் குத்தினார். "இப்போதைக்கு இது உனக்கு. நீ அங்கை போகேக்கை நல்லதாப் பாப்பம்," என்றார். நான் அங்கே போகவில்லை. கராம்பும் மாறவில்லை.

தெறி பதிந்தது மலாயாவுக்குப் போகும். அதோடு வெறும் விசுக்கோத்து முப்பது நாற்பது. பெரிய தகரப்பேணியில் கடதாசி போட்டு அடுக்கி, சந்தியில் இருந்த தகரம் ஒட்டுகிறவரிடம் கொண்டுபோவோம். ஈயத்தை உருக்கி மூடியைச் சுற்றிவர ஒட்டுவார். காற்றுப் புகாது, கடல் தண்ணீர் புகாது. அவர் பகிடிக்காரர்.

"மாமி, இன்னும் கொஞ்சம் பெரிய பேணி எண்டால் இந்த மருமகளையும் உள்ளுக்கு வைச்சு ஒட்டி விடலாம். செலவு மிச்சம்."

"உன்ரை வேலையைப் பார்."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு வந்தேன். பேணி கப்பலில் பத்து நாளில் போய்ச் சேர்ந்துவிடும். நான் போகவில்லை.

அடுத்த வருஷம், அதற்கு அடுத்த வருஷம் என்று போனது. ஒருமுறை வீடு கிடைக்கவில்லை என்றார். ஒருமுறை இடமாற்றம் என்றார். காசு ஒழுங்காக வந்தது, கடிதமும் வந்தது, எல்லாம் மாமியின் பெயருக்கு. மாமி வாசித்துவிட்டு என்னிடம் தருவார். கடைசி வரியில் "அவளும் சுகமாயிருப்பாள் என்று நம்புகிறேன்" என்றிருக்கும். மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, நான் ஒரு வேலை செய்தேன். பேணியை ஒட்டக் கொண்டுபோகும் முன், மாமி கிணற்றடிக்குப் போன நேரம் என் கராம்பு விசுக்கோத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நத்தார் அன்று என் தட்டு வெறுமையாக இருந்தது. மாமி பார்த்தார். கேட்கவில்லை. தை மாதம் வந்த கடிதத்தில் ஒரு வரி கூட இருந்தது. "கராம்பு போட்டதையும் தின்றேன். காரமாக இருந்தது." அவர் எனக்கென்று எழுதியது அது ஒன்றுதான். அந்தக் கடிதத்தை மாமி திருப்பிக் கேட்கவில்லை. நான் என் ட்றங்குப் பெட்டியில், சீலைக்கு அடியில் வைத்தேன்.

பிறகு சண்டை வந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது, காசும் நின்றது. மலாயாவில் ஆள் உள்ள வீடெல்லாம் ஒரே மாதிரித்தான். தபாற்காரர் சைக்கிள் மணி அடிக்காமல் போவார். அடித்தால் எல்லாரும் வெளியே ஓடி வருகிறார்கள் என்று நிறுத்திவிட்டார். அந்த முதல் வருஷம் கார்த்திகையில் மாமி வழக்கம்போல் சிரட்டையைக் காயப் போடச் சொன்னார். பேணி இல்லை, ஒட்டுகிறவரிடம் போகவில்லை. ஆனால் தெறியை எடுத்து அமத்தினார். நத்தார் அன்று மேசையில் மூன்று இருந்தன. நாங்கள் எங்களுடையதைத் தின்றோம். அவருடையது ஆங்கில வருஷப் பிறப்பு வரை தட்டில் இருந்தது. அன்று மாமி அதைக் கொண்டுபோய் முற்றத்து வேம்பின் கீழ் நொறுக்கிப் போட்டார். அணில் வந்து தின்றது. மாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் வருஷம் போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். மலாயாவிலிருந்து சேதி தெரியாமல் போனவர்களின் பெயரை வருஷக் கடைசி ஆராதனையில் வாசித்துச் செபம் பண்ணப் போவதாகச் சொன்னார். அதே நேரத்தில்தான் அந்த வருஷம் செத்தவர்களின் பெயரையும் வாசிப்பது வழக்கம். மாமிக்கு அது தெரியும்.

"மகன்ரை பேரையும் சேர்க்கட்டோ?"

"அவன்ரை பேரை ஏன் அங்கை வாசிக்கிறியள்?"

"செபத்துக்குத்தானே அம்மா."

"செபத்தை நான் வீட்டிலை பண்ணுறன். நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ ஐயா."

போதகர் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். பெயர் வாசிக்கப்படவில்லை. ஊரில் சிலர் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினார்கள். கிணற்றடியில் ஒருத்தி, நீ இன்னும் பொட்டு வைக்கிறாயோ என்று கேட்டாள். கிறிஸ்தவர்களான எங்களில் பொட்டு வைக்கிறவர்கள் குறைவு. நான் வைப்பேன். நான் பெண்சாதியா விதவையா என்று எனக்கும் தெரியாது. அந்த வீட்டில் நான் யார் என்பது அந்த ஒரு விசுக்கோத்தில் தங்கியிருந்தது. தெறி விழுந்தால் நான் மருமகள். விழாவிட்டால் என்னை அங்கே வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

மூன்றாம் வருஷம் மா பெரிய கஷ்டம். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்தது ஒரு சுண்டு, ஒரு கோப்பை அளவு. அதிலும் வண்டு. சீனிக்குப் பதில் பனங்கட்டி இடித்தேன். முட்டை ஒன்று. அரித்து எடுத்த மாவைப் பார்த்தேன். அயலுக்குக் கொடுக்க இல்லை. கடைசித் தட்டுக்கே போதாது.

"மாமி, இந்த முறை மா காணாது. ரெண்டுக்குத்தான் காணும்," என்றேன்.

"ஆருக்கு ரெண்டு?"

"உங்களுக்கும் எனக்கும்."

மாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"நீ அவனைக் குழியிலை தாட்டுப் போட்டியோ?"

நான் மாவை இன்னொரு தரம் அரித்தேன்.

"அப்ப என்ரையை விடு. அவன்ரையையும் உன்ரையையும் சுடு. நான் கிழவி, எனக்கு வேண்டாம்."

இதை நான் இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. மா காணாது என்று நான் சொன்னது மாவுக்காக அல்ல. அவர் செத்திருந்தால் ஒரு முடிவு என்று அப்போது எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீலை உடுக்கலாம், அழலாம், ஊருக்கும் என்னோடு எப்படிக் கதைப்பது என்று தெரியும். மாமிக்கு அது விளங்கிவிட்டது. திரும்ப அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் மாவை மூன்றாகப் பிரித்தேன். மூன்றும் சின்னனாக வந்தன. தெறி பதிக்க இடம் காணாமல் விளிம்பு வெளியே போனது. மாமி அதைப் பார்த்து, "காணும்," என்றார்.

சண்டை முடிந்து கடிதங்கள் வரத் தொடங்கின. தபாற்காரர் மறுபடி மணி அடித்தார். எங்கள் வீட்டுக்கு வர ஒரு வருஷம் ஆனது. கையெழுத்து அவருடையதுதான். மாமி உறையைக் கிழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டினார். நின்றபடி வாசித்தார். பிறகு இருந்து இன்னொரு தரம் வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். உயிரோடு இருக்கிறேன், கஷ்டப்பட்டேன் என்று எழுதியிருந்தார். இங்கே எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, மனைவி நல்லவள், இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு ஏழு வயது, அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும் என்றிருந்தது. அவள் என்றது என்னை.

நான் கடிதத்தை மடித்தேன். மாமி விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக ஏழு விரல். முடித்ததும், "அப்ப கப்பல் ஓடினது," என்றார். எனக்கும் விளங்கியது. அந்தப் பிள்ளை பிறந்தது மலாயாவில் சண்டை வர முந்தி. நாங்கள் பேணி அனுப்பிக்கொண்டிருந்த காலம். கடைசியாகப் போன இரண்டு மூன்று பேணி விசுக்கோத்தை அந்தப் பிள்ளையும் தின்றிருக்கும். பல் முளைக்கிற பிள்ளைக்கு நல்லது. மாமி எழும்பிப்போய் ஆட்டுக்குக் குழை வைத்தார். நான் உலை வைத்தேன். அன்றும் சோறு சமைத்தோம், தின்றோம்.

செய்தி சாவகச்சேரிக்குப் போக என் அண்ணை மாட்டு வண்டிலோடு வந்தார். அது மார்கழி தொடங்கிய நேரம். "இனி நீ இஞ்சை ஆருக்கு இருக்கிறாய்? வா," என்றார். அவர் சொன்னது நியாயம். நான் ட்றங்குப் பெட்டியை எடுத்து அடுக்கினேன். பதின்மூன்று வருஷத்துச் சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மாமி வாசலில் நின்றார்.

"தம்பி, நத்தார் முடியட்டும். பிறகு கொண்டுபோ."

"என்ன மாமி, இனியும் என்னத்துக்கு?"

"சிரட்டை காயப்போட்டாச்சு. நான் தனியக் கிண்டமாட்டன்."

அண்ணை என்னைப் பார்த்தார். வருஷப் பிறப்புக்கு அடுத்த நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வெறும் வண்டிலோடு போனார். பெட்டி அடுக்கியபடி என் அறையில் இருந்தது.

அந்த முறை சுடுவது வழக்கத்திலும் பிந்திவிட்டது. மா நல்ல மா. நெய்யையும் சீனியையும் நான் அடித்தேன். வெறும் விசுக்கோத்து எல்லாம் சுட்டு முடிந்து கடைசித் தட்டு வந்தபோது மாமி, "நீ போய் ஆட்டை அவிழ்த்துக் கட்டு," என்று என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது தட்டு அடுப்பில் ஏறி மூடியும் போட்டாகிவிட்டது. நெய் மணம் வந்ததும் மாமியே எடுத்தார். எனக்குக் காட்டவில்லை. சீலையால் மூடி அலுமாரியில் வைத்தார்.

நத்தார் அன்று தேவாலயத்தால் வந்தோம். மாமி தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டு இருந்தன. ஒன்றில் பெருவிரல். மற்றதில் தெறி. கராம்பு இல்லை. எனக்குச் சுடவில்லை, நான் போகிறவள், மகனுக்குத்தான் சுட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தாய்தானே. அதிலும் பிழையில்லை என்று தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் எடுத்தேன்.

"ஏன் நிக்கிறாய்? உன்ரையை எடு," என்றார்.

"என்ரை இல்லையே மாமி."

"கண் தெரியேல்லையோ? உது ஆரின்ரை?"

"அது அவரின்ரை."

"அவனுக்கு நான் சுடேல்லை. உது உன்ரை. தின்."

செத்தவர்களுக்குச் சுடுவதில்லை. ஊர் முழுவதும் செத்தான் என்று சொன்ன நாலு வருஷம் அவனுக்குச் சுட்ட மனுஷி அவர். உயிரோடு இருக்கிறான் என்று அவன் கையாலேயே எழுதி வந்த வருஷம் நிறுத்திவிட்டார். நான் அதை எடுத்துத் தின்றேன். பதின்மூன்று வருஷம் பதித்துப் பதித்து, ருசி என்ன என்று அன்றுதான் தெரியும். மற்றதைப் போலத்தான் இருந்தது. தின்று முடிந்ததும் மாமி சீலைத் தலைப்பை அவிழ்த்துத் தெறியை எடுத்து என் கையில் வைத்தார். அதன்பிறகு நான் போய் ட்றங்குப் பெட்டியைத் திறந்து சீலைகளைக் கொடியில் போட்டேன். அண்ணை வந்தபோது மாமி அவருக்கும் ஒரு பை வெறும் விசுக்கோத்துக் கொடுத்து அனுப்பினார்.

மாமி அடுத்த ஆவணியில் செத்தார். மூன்று நாள் காய்ச்சல். கடைசி நாள் காலையில் "தண்ணி அள்ளியாச்சோ" என்றார். ஓம் என்றேன். அந்த வருஷம் கார்த்திகையில் நான் தனியே கிண்டினேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு முட்டையில்லாததும் செய்தேன், தனிச்சட்டியில். கடைசித் தட்டில் ஒன்றே ஒன்றை வைத்தேன். அவ்வளவு பெரிய தாச்சி, அவ்வளவு மணல், மேலும் கீழும் நெருப்பு, உள்ளே ஒன்று. நெய் மணம் எப்போது வந்தது என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முகம் சற்றுக் கருகிவிட்டது.

அதற்கு அடுத்த நத்தார் அன்று அவர் வந்தார். தேவாலயத்தால் வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டது. தொப்பி போட்ட ஒரு தடித்த மனுஷன். நடையில்தான் அடையாளம் கண்டேன். நடை மாமியுடையது. அம்மாவின் கல்லறையைப் பார்க்க வந்தேன் என்றார். இருங்கோ என்றேன். இருந்தார். சுவரில் தொங்கிய மணிக்கூட்டுச் சாவியைப் பார்த்தார். சுகமோ என்று கேட்டார். சுகம் என்றேன். வெறும் விசுக்கோத்து நாலைத் தட்டில் போட்டு அவருக்கு முன்னால் வைத்து, தேத்தண்ணி ஊற்றப் போனேன். கோப்பையோடு வந்தபோது அவர் அந்தத் தட்டைத் தொடவில்லை. மேசையின் மற்றப் பக்கத்தில் என் தட்டு இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னும் எனக்குச் சுடுறாய்," என்றார்.

"அது என்ரை."

"தெறி கிடக்குதே."

"மாமி எனக்குத் தந்தவ."

கையை எடுத்தார்.

"முந்தி உன்ரையிலை கராம்பு இருந்தது."

"ஓம்."

"அப்ப என்ரை?"

"உங்களுக்குச் சுடுறேல்லை."

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தேத்தண்ணியை முழுதும் குடித்தார். தொப்பியை எடுத்தார். படலை வரை நான் கூடப் போனேன். படலையைப் பிடித்தபடி திரும்பாமல் கேட்டார்.

"அம்மா எப்ப நிப்பாட்டினவ?"

"உங்கடை கடிதம் வந்த வருசம்."

"சண்டைக்குள்ளை?"

"எல்லா வருசமும் சுட்டவ."

அவர் படலையை விடவில்லை. மழை தூறியது. பிறகு போனார். ஒழுங்கை முனையில் திரும்பும் வரை பார்த்தேன். உள்ளே வந்து என்னுடையதைத் தின்றேன். அவருக்கு வைத்த நாலையும் வேம்பின் கீழ் போட்டேன். அதன்பிறகு அவர் வரவில்லை.

இப்போது விசுக்கோத்துப் பக்கெற்றில் வருகிறது. சந்திக் கடையில் எந்த நாளும் வாங்கலாம். நானும் வாங்குகிறேன். ஆனால் கார்த்திகையில் சிரட்டை காயப்போடுவேன், ஒன்று சுடுவேன். தெறியை அமத்தும்போது கிரீடம் இப்போது விழுவதில்லை. வட்டமும் விளிம்பும் மட்டும் விழும். அவருக்கு அன்று நான் சொன்னதில் பொய்யில்லை. மாமி இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒன்று நினைப்பேன். அன்று குசினியில் அரித்த மா கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுப்பில் தணலும் இருந்தது. கராம்பு போட்டு ஒன்று சுட்டுக் கொடுத்திருக்கலாம். அது என்னுடையதுதானே, நான் கொடுக்கலாம். காரமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.